முதலீட்டாளருக்குக் கம்பளம், பொறியாளருக்குக் காத்திருப்பு

புது தில்லி: பெங்களூர் ஆர்.வி. சாலையிலிருந்து பொம்மசந்திரா வரையிலான 19.15 கி.மீ. மெட்ரோ ரயில் தடத்தைப் பிரதமர் நரேந்திர மோடி 2025 ஆகஸ்ட் 10-ஆம் தேதி தொடங்கிவைத்தார். நிலையங்கள் 16, அன்று ஓடுவதற்கு இருந்த ரயில்களோ மூன்று மட்டுமே. 25 நிமிஷங்களுக்கு ஒரு ரயில் என்ற அளவில்தான் சேவையைத் தொடங்க முடிந்தது.

பாதை தயாராகியும் ரயில் வராததற்குக் காரணங்கள் பல. அவற்றில் ஒன்று தில்லியில் இருந்தது: விசா.

216 மெட்ரோ பெட்டிகளை வழங்கும் சுமார் ரூ.1,578 கோடி ஒப்பந்தம், 2019 இறுதியில் சீனாவின் சி.ஆர்.ஆர்.சி. நிறுவனத்துக்குக் கிடைத்தது. பெரும்பாலான பெட்டிகள் இந்தியாவிலேயே தயாராக வேண்டும் என்பது நிபந்தனை. 2020 ஏப்ரலில், நில எல்லையைப் பகிரும் நாடுகளின் முதலீட்டுக்கு மத்திய அரசின் முன் அனுமதி கட்டாயமாக்கப்பட்டது. ஜூனில் கல்வான் பள்ளத்தாக்கில் 20 இந்திய வீரர்கள் உயிர்த் தியாகம் செய்தனர். சீனர்களுக்கான விசா நடைமுறை இறுகியது. ஆந்திரத்தின் ஸ்ரீசிட்டியில் ஆலை அமைக்கும் சீன நிறுவனத்தின் திட்டம் கைகூடாமல், தயாரிப்புப் பணி மேற்கு வங்கத்தின் டிட்டாகர் நிறுவனத்துக்குச் சென்றது. ரயிலைச் சோதித்து இயக்கிக் காட்ட வேண்டிய சீனப் பொறியாளர்களின் விசாவுக்காகவும் மெட்ரோ நிர்வாகம் தில்லியை நாட வேண்டியிருந்தது.

எல்லையில் ரத்தம் சிந்திய பிறகு, வருபவர் யார் என்று அரசு விசாரிப்பதில் தவறில்லை. ஆனால், விசாரிப்பது வேறு. முடிவெடுக்காமல் இருப்பது வேறு.

சட்டம் என்ன சொல்கிறது?

1920 முதல் 2000 வரை இயற்றப்பட்ட 4 சட்டங்களுக்கு மாற்றாக, குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டத்தை நாடாளுமன்றம் 2025-இல் நிறைவேற்றியது. நாடு தர்மசத்திரம் அல்ல என்றும், வணிகம், கல்வி, ஆராய்ச்சிக்காக வருவோருக்கு வரவேற்பு உண்டு என்றும் மக்களவையில் உள்துறை அமைச்சர் அமித் ஷா விளக்கினார். செப்டம்பர் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த இச்சட்டம் தண்டனைகளைத் தெளிவாக வகுத்துள்ளது. ஆனால், விசா மனு மீது எத்தனை நாள்களுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்ற காலவரம்பு அதில் இல்லை.

பணத்துடன் வருபவருக்கு முன்பே கம்பளம் விரிக்கப்பட்டுவிட்டது. 18 மாதங்களில் ரூ.10 கோடி அல்லது 36 மாதங்களில் ரூ.25 கோடி முதலீடு செய்து, ஆண்டுதோறும் 20 இந்தியருக்கேனும் வேலை தருவோருக்கு 10 ஆண்டு குடியிருப்புத் தகுதி வழங்க 2016-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஆனால், முதலீடு பலன் தருவது இயந்திரம் ஓடும்போதுதான். அதைப் பொருத்தத் தெரிந்தவர் சில மாதங்களே தங்க வருகிறார்.

மறுபக்கத்தையும் மறக்கலாகாது. வணிக விசாவில் வந்த சீனத் தொழிலாளர்கள், இந்தியர் செய்யக்கூடிய பணிகளைச் செய்வதாக 2009-இல் புகார் எழுந்தது. அவர்களை வெளியேறப் பணித்த மத்திய அரசு, பின்னர் மின்சாரம், உருக்குத் துறைகளுக்கெனத் திட்ட விசாவை அறிமுகம் செய்தது.

இது நமக்கு மட்டுமான சிக்கல் அல்ல. 2025 செப்டம்பரில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஹூண்டாய் - எல்.ஜி. மின்கல ஆலைக் கட்டுமான இடத்தில் 300-க்கும் மேற்பட்ட தென் கொரியர்கள் பிடிபட்டனர். அழைத்த முதலீட்டுடன் வந்தவர்களைக் கைது செய்த சங்கடம் அமெரிக்காவுக்கு.

உற்பத்தி சார்ந்த ஊக்கத்தொகை பெறும் துறைகளின் தொழில்நுட்பப் பணியாளர்களுக்கு 2024 முதல் விசா நடைமுறை எளிதாக்கப்பட்டு வருகிறது. இது சரியான திசை. எனினும், தளர்வு என்பது அந்தந்த நேரத்து ராஜதந்திர உறவைப் பொறுத்த சலுகையாக நின்றுவிடக் கூடாது. மனுவுக்குக் காலவரம்பு, மறுப்புக்குக் காரணம், வருபவர் இந்தியப் பொறியாளருக்குப் பயிற்சி அளித்துவிட்டே திரும்ப வேண்டும் என்ற நிபந்தனை ஆகிய மூன்றும் விதியாக வேண்டும்.

பொம்மசந்திரா நிலையம் இன்று தைவானின் டெல்டா எலெக்ட்ரானிக்ஸ் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதற்கு முந்தைய ஹெப்பகோடி நிலையத்தில் பயோகானின் பெயர். அந்த நிறுவனமும் 1978-இல் அயர்லாந்து நிறுவனத்துடனான கூட்டு முயற்சியாகப் பிறந்ததே. வெளிநாட்டு அறிவை வாங்கித் தனதாக்கிக் கொண்ட ஊர் அது. அந்த ஊருக்கே ரயில் தாமதமாக வந்ததை தில்லி மறந்துவிடக் கூடாது.