பள்ளிக்கூட சர்வர்: ஓசி சிஸ்டமா, காசு சிஸ்டமா? கெடு தேதியைக் கேட்க ஆளில்லை!

2001-ம் வருஷம் ஜூலை 19-ந் தேதி. ‘கோட் ரெட்’ என்ற கம்ப்யூட்டர் புழு உலகம் பூராவும் கைவரிசை காட்டியது. 14 மணி நேரத்துக்குள் 3 லட்சத்து 59 ஆயிரம் கம்ப்யூட்டர்களில் புகுந்தது. அத்தனையும் மைக்ரோசாப்ட் கம்பெனியின் வெப் சர்வர் புரோகிராம் ஓடிய மெஷின்கள்.

வேடிக்கை என்னவென்றால், ஓட்டையை அடைக்கும் ‘பேட்ச்’ ஜூன் 18-ந் தேதியே வந்துவிட்டது. இலவசம்தான். எடுத்துப் போடத்தான் ஆளில்லை!

இன்று ஒரு பள்ளிக்கூடம் சொந்தமாக வெப் சர்வர் வைக்கக் கிளம்பினால், முதல் சண்டை விண்டோசா, லினக்சா என்பதுதான். கம்ப்யூட்டர் சார் ஒரு கட்சி. செலவுக் கணக்கு எழுதும் கிளார்க் இன்னொரு கட்சி.

சர்வரில் என்ன இருக்கும்? பிள்ளைகளின் மார்க், பீஸ் பாக்கி, வீட்டு விலாசம், அப்பா அம்மா போன் நம்பர். திருட வருகிறவனுக்கு இது போதாதா?

பில் எகிறும்

விண்டோஸ் சர்வர் வாங்கினால் லைசென்ஸ் கட்டணம் உண்டு. மெஷினுக்குள் இருக்கும் ‘கோர்’களை எண்ணித்தான் பில். உங்களிடம் நாலே கோர் இருந்தாலும், குறைந்தபட்சம் 16 கோருக்குக் கட்ட வேண்டும். பள்ளிகளுக்குச் சலுகை விலை இருக்கிறது. இருந்தாலும் காசு காசுதான்.

அதற்குப் பதில் 10 வருஷம் பேட்ச் வரும். 2012 பதிப்புக்கு 2023 அக்டோபர் 10-ந் தேதியோடு ஓசி பேட்ச் நின்றது. 2016 பதிப்புக்குக் கெடு 2027 ஜனவரி 12.

லினக்சுக்கு லைசென்ஸ் காசே கிடையாது. டெபியன், உபுண்டு இரண்டும் பேர் பெற்றவை. நம்ம சென்னை சி-டாக் தயாரித்த ‘பாஸ்’ கூட டெபியனை வைத்து உருவானதுதான். கிளார்க் முகத்தில் சந்தோஷம். ஆனால் ஓசி என்றதும் யோசிக்காமல் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும்? ‘சென்ட் ஓஎஸ்’ கதையைக் கேளுங்கள்.

நடுவழியில் இறக்கிவிட்டார்கள்!

சென்ட் ஓஎஸ், லினக்சில் ஓசியாகக் கிடைத்த கெட்டிக்கார சிஸ்டம். அதன் 8-ம் பதிப்பு 2019 செப்டம்பரில் வந்தது. 2029 வரை பேட்ச் வரும் என்று நம்பி உலகம் முழுக்க சர்வர்களில் ஏற்றினார்கள். 2020 டிசம்பர் 8-ந் தேதி வந்தது அறிவிப்பு: அடுத்த வருஷம் டிசம்பர் 31-உடன் கடையைச் சாத்துகிறோம்!

ஏழு வருஷத்துக்கு மேல் அம்பேல். அத்தனை பேரும் ஒரே வருஷத்தில் மூட்டை கட்ட வேண்டியதாயிற்று. அதே மாதிரி நடக்க 2021-ல் அல்மா, ராக்கி என்று இரண்டு புது சிஸ்டங்கள் முளைத்தது தனிக் கதை. காசு கொடுக்காதவன் யாரிடம் போய் புகார் கொடுப்பது?

உபுண்டுவில் இரட்டைப்படை வருஷம் ஏப்ரலில் ஒரு நீண்டகாலப் பதிப்பு வரும். ஐந்து வருஷம் பேட்ச் கிடைக்கும். பாதுகாப்புப் பேட்சுகளைத் தானாகவே போட்டுக்கொள்ளும் வசதியும் உண்டு. ஆனால் சிலவற்றுக்கு மெஷினை நிறுத்தி மறுபடி ஓட்ட வேண்டும். ஐந்து வருஷம் முடிந்தால் புதுப் பதிப்புக்கு மாற்ற வேண்டும். அதை யார் செய்வார்கள்?

சார் போனால்?

பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சார்தான் எல்லாம். டைம் டேபிள் அவர், ரிசல்ட் அவர், பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் அவர். லினக்ஸ் தெரிந்த சார் ஆசையாக ஏற்றி வைத்துவிட்டு வேறு பள்ளிக்குப் போய்விட்டால், பாஸ்வேர்டும் அவரோடு போய்விடும். விண்டோஸ் மட்டும் தெரிந்த சாரிடம் லினக்சைத் தள்ளிவிடுவதும் அதே வம்புதான்.

வாரம் ஒரு தடவை பார்க்க லினக்ஸ் தெரிந்த ஆள் இருந்தால் உபுண்டுவோ டெபியனோ தாராளமாக வைக்கலாம். விண்டோஸ் தெரிந்தவர்தான் இருக்கிறார் என்றால் லைசென்ஸ் காசு தண்டம் ஆகாது. இரண்டும் இல்லை, வெறும் ஆண்டு விழா போட்டோவும் லீவு அறிவிப்பும் போடத்தான் என்றால், சொந்த சர்வரே எதற்கு? வாடகைக்கு இடம் கொடுக்கும் கம்பெனியிடம் விட்டால், பேட்ச் போடுவது அவன் தலைவலி.

சென்ட் ஓஎஸ் 7-ம் பதிப்புக்கும் 2024 ஜூன் 30-உடன் கெடு முடிந்தது. அதில் ஓடும் சர்வர் ஜூலை 1-ந் தேதி நின்றுவிடவில்லை. பக்கம் வழக்கம்போலத் திறக்கும். ரிசல்ட் வழக்கம்போல வரும். ஹெட்மாஸ்டருக்கு ஒன்றும் தெரியாது.