தூரமும் பிரயாணமும்

மெல்போர்ன் மாநகரின் வடகோடியிலுள்ள கிரெய்கிபர்னிலிருந்து விமான நிலையம் காரில் இருபது நிமிஷத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் அங்கே குடியேறியுள்ள தமிழர் வீடுகளில், ஊரிலிருந்து தாயாரோ தகப்பனாரோ தனியே புறப்படுகிறார் என்று தெரிந்துவிட்டால், நடுவழியில் விமானம் மாறவேண்டுமே என்ற விசாரம் எல்லோரையும் பிடித்துக்கொள்கிறது. சென்னைக்கு நேர் விமானம் வேண்டும் என்ற கோரிக்கை இந்த விசாரத்தில் பிறந்ததே. கோரிக்கை நியாயமானது; தூரமும் நேரமும் மிச்சமாகும் என்று அதற்குச் சொல்லப்படும் காரணந்தான் பொருத்தமாக இல்லை.

பூமியின் வளைவை ஒட்டி அளந்தால், மெல்போர்னிலிருந்து சென்னை ஏறக்குறைய 8,770 கிலோமீட்டர். சிங்கப்பூர் வழியே போனால் அதுவரை 6,030, அதற்கப்பால் 2,930, ஆக 8,960. சிங்கப்பூர் அநேகமாக நேர்கோட்டிலேயே கிடப்பதால், ஆகாயத்தில் அதிகமாகும் தூரம் கால் மணி நேரப் பறப்புக்குமேல் இராது. பொழுது கழிவதெல்லாம் தரையில்தான். வாலிபருக்கு அது ஒரு காப்பியோடு போய்விடும். எழுபது வயதில் முதன்முதலாகக் கடல் கடக்கும் ஒரு தாயார், மகன் ஆங்கிலத்தில் எழுதியனுப்பிய சீட்டைக் கைப்பைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு, சக்கர நாற்காலியில் கொண்டுவந்து விடப்பட்ட இடத்திலேயே, தண்ணீர் குடிக்க எழுந்துபோகவும் அஞ்சி, யாராவது வந்து அழைக்கும்வரை உட்கார்ந்திருக்கும் அந்த மூன்று நான்கு மணி நேரத்தின் பாரத்தை எந்தக் கால அட்டவணையும் காட்டுவதில்லை.

சென்னையைவிடச் சுமார் 1,400 கிலோமீட்டர் அப்பால் இருக்கும் தில்லிக்கு மெல்போர்னிலிருந்து நேர் விமானம் உண்டு; பெங்களூருக்கும் சிட்னிக்கும் இடையே 2022 செப்டம்பரில் குவாண்டாஸ் நேர் சேவையைத் தொடங்கியது. ஆகவே தூரம் தடையென்று சொல்ல இடமில்லை. காலி இருக்கைகளோடு பறக்க எந்தக் கம்பெனியும் சம்மதிக்காது என்பது வாஸ்தவம். சென்னைக்குப் போதிய பிரயாணிகள் உண்டு என்பதை எடுத்துக்காட்டுவது தமிழ்ச் சங்கங்களின் கடமை.

எனினும் நேர் விமானம் ஒன்றே சர்வரோக நிவாரணி ஆகிவிடாது. தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கத்தாருக்குத் திருச்சியிலேயே சிங்கப்பூர் விமானம் இருக்கிறது. அவர்கள் சென்னைக்குப் போய் ஏறவேண்டுமானால், முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ராத்திரி பஸ்ஸிலோ ரயிலிலோ அலைந்த பிறகே விமானத்தைக் காண்பார்கள். அவர்களுக்கு வேண்டியது, மாறும் இடத்தில் அருகிருந்து வழிநடத்தும் தமிழறிந்த உதவியாளர். தமிழ் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்றாக விளங்கும் சிங்கப்பூரில் அது அசாத்தியமான காரியம் அல்ல. நேர் சேவைக்கு மனுப்போடுகிறவர்கள் இதையும் சேர்த்தே கேட்கவேண்டும். டிக்கெட் வாங்கும் பிள்ளைகளும், நூறு டாலர் மிச்சம் என்பதற்காக இரண்டு இடங்களில் மாறும் வழியைப் பெற்றோர் தலையில் கட்டாதிருக்கவேண்டும்.