ஸ்டட் முறிந்ததற்காக எஞ்சினை எறிய வேண்டாம்

சைக்கிளில் பூட்டி ஓட்டும் சின்ன டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்கள் பெரும்பாலும் சீனாவில் செய்யப்பட்டு, உதிரிகளோடு ஒரே பெட்டியில் விற்கப்படுபவை. அவற்றில் அடிக்கடி முறிவது, எஞ்சினைச் சைக்கிள் சட்டத்தோடு பிடித்து வைத்திருக்கும், மரை வெட்டிய கம்பியான ஸ்டட். சின்னச் சில்லறைச் சாமான்தான். ஆனால் அலுமினிய உடலோடு ஒட்ட முறிந்து, பாதித் துண்டு மரைக்குள் சிக்கிக்கொண்டால், புது எஞ்சின் வாங்கு என்பார் ஒருவர். இன்னும் வலுவான ஸ்டட் போடு என்பார் இன்னொருவர். இரண்டு யோசனையும் முறிவின் காரணத்தைத் தொடுவதில்லை.

ஸ்டட் எஞ்சினைத் தன் உடம்பால் சுமப்பதில்லை. நட்டை இறுக்கும்போது ஸ்டட் இழுபட்டு, எஞ்சினையும் சட்டத்தையும் ஒன்றோடொன்று அழுத்திப் பிடிக்கிறது. அந்த அழுத்தத்தில் பிறக்கும் உராய்வுதான் அதிர்வை எதிர்கொள்கிறது. நட் கொஞ்சம் தளர்ந்தாலும் எஞ்சின் ஆடத் தொடங்கும். ஸ்டட் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை வளைந்து நிமிர்ந்து, களைத்து முறியும். முறிந்த முகமே இதற்குச் சாட்சி. ஒரே இழுப்பில் முறிந்திருந்தால் முகம் முழுவதும் கரடாக இருக்கும். களைத்து முறிந்ததில் ஒரு பக்கம் வழுவழுப்பாக, அலை விட்டுப்போன மணல்வரிபோல் வளைகோடுகள் தெரியும். கடைசியாக விட்ட இடம் மட்டும் கரடு. இந்த எஞ்சின்களின் பிடி 28.6 மில்லிமீட்டர் இருக்கைக் குழாய்க்கு அளவெடுத்தது. தடித்த குழாயுள்ள இன்றைய சைக்கிளில் அதை வில்லங்கமாகப் பொருத்தி, இடைவெளிக்கு ரப்பர் திணித்தால் ஆட்டம் கூடுமே தவிரக் குறையாது. அங்கே மிக வலுவான 12.9 தர ஸ்டட் போட்டால் ஸ்டட் தப்பலாம். அலுமினியத்தின் மரை உரியும். நல்ல 8.8 தர ஸ்டட், குழாயைச் சுற்றிக் கவ்வும் சரியான பிடி, நட் தளராத ஏற்பாடு, இடையிடையே இறுக்கிப் பார்க்கும் பழக்கம், இவை போதும்.

சிக்கிய துண்டை எடுப்பதும் மாயவித்தை அல்ல. இங்கே மொன்றியலில் குளிர்காலத்தில் தெருவுக்கு உப்புப் போடுகிறார்கள்; இரும்பும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் சேர்ந்தால் அரித்து இறுகிவிடும். ஆனால் சூடாக்கும்போது அலுமினியம் இரும்பைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு விரியும். ஊடுருவும் எண்ணெயும் மிதமான சூடும் பாதி வேலையை முடித்துவிடும். நுனி வெளியே தெரிந்தால் இரண்டு நட்டுகளை ஒன்றோடொன்று இறுக்கித் திருப்பலாம். தெரியாவிட்டால் அதன் மேல் ஒரு நட்டைப் பற்றவைக்கலாம். அதுவும் முடியாதபோது நடுவில் புள்ளி குத்தி, இடப்பக்கம் சுழலும் துரப்பண ஊசியால் துளைத்தால் துண்டு பல சமயம் தானே கழன்று வரும். முறிந்த துண்டைக் கவ்விக் கழற்றும் எக்ஸ்ட்ராக்டரை மட்டும் முரட்டுத்தனமாகத் திருப்பக் கூடாது. அது உள்ளே முறிந்தால் சாதாரண ஊசி அதைத் தொடாது, அப்போதுதான் எஞ்சின் உண்மையிலேயே குப்பைக்குப் போகும். மரை கெட்டிருந்தால் ஹெலிக்காயில் சுருள் இருக்கிறது. துருப்பிடிக்காத எஃகுக் கம்பியாலான அந்த மரை, அலுமினியத்தில் முதலில் வெட்டியிருந்ததைவிடப் பெரும்பாலும் உறுதியானது.

இதற்கு ஆகும் கூலிக்குப் புது எஞ்சினே வாங்கலாமே என்பது நியாயமான கேள்வி. இந்தக் கூலிக்கணக்கு மறைப்பது ஒன்று உண்டு: பிடி சரியில்லாத சட்டத்தில் புது எஞ்சினைப் பூட்டினால் அதன் ஸ்டட்டும் முறியும், செலவு இரண்டாகும். கடல்வழி வரும் சரக்கை நம்பியிருப்பதற்கும் எல்லை உண்டு. 2020 ஆகஸ்டிலும் 2021 ஏப்ரலிலும் வேலைநிறுத்தம், 2024 நவம்பரில் கதவடைப்பு என்று மொன்றியல் துறைமுகம் நின்றதை நாம் பார்த்தோம். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்குள் மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டிய யாழ்ப்பாணத்தவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. பெற்றோல் எஞ்சின் பூட்டிய சைக்கிள் கியூபெக்கில் உதவிச் சைக்கிளாக ஏற்கப்படுவதில்லையே என்றால், உண்மைதான். 500 வாட் வரையான மின்மோட்டாருக்கே அந்தத் தகுதி. சட்டத்தை மீறி ஓட்டச் சொல்லவில்லை. ஆனால் மின்சைக்கிளின் மோட்டாரைப் பிடிக்கும் போல்டுக்கும் இதே இயந்திர விதிதான்.

கியூபெக் 2023 அக்டோபரில் நிறைவேற்றிய நுகர்வோர் சட்டத் திருத்தத்தின்படி, உதிரிப்பாகங்களும் பழுதுபார்க்கும் தகவலும் கிடைக்க வேண்டும், பாகத்தைச் சாதாரணக் கருவியால் மாற்றக்கூடியதாகவும் இருக்க வேண்டும். இந்த விதிகள் 2025 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ளன. ஆனால் அவை கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டு விற்பவர் தப்பிக்கொள்ள வழி இருக்கிறது. அந்த வழியை அடைக்க வேண்டும். மோட்டாரோ எஞ்சினோ, சைக்கிளில் பூட்ட விற்கும் எதுவானாலும் மரையின் அளவு, ஸ்டட்டின் தரம், இறுக்க வேண்டிய முறுக்குவிசை, பொருந்தும் குழாயின் விட்டம் ஆகிய நான்கையும் பெட்டியின்மேல் அச்சிட விற்பவரைக் கட்டாயப்படுத்த வேண்டும்.