கூரைக்குள் ஓர் அன்ரெனா

1982ஆம் ஆண்டு ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கிய காலத்தில், கூரைக்கு மேல் நின்ற அன்ரெனா வீட்டுக்கே பெருமை. காற்றும் காகமும் அதனைத் திருப்பிவிட, ஏறித் திருத்துவது என் பணி. எழுபதைக் கடந்தபின் அது இயலவில்லை. ஆகவே, ஓட்டுக்குக் கீழே முகட்டு மரத்தில் கட்டினேன். ஓடு அலையைச் சற்றுக் குறைக்கும். நனைந்தால் இன்னும் குறைக்கும். தகரக் கூரையோ பெரிதும் தடுத்துவிடும். திசையைச் சரிபார்த்து, உக்கிய வயரை மாற்றியதும் படம் தெளிந்தது.

மாதக் கட்டணம் செலுத்த இயலாமல் டிஷ் இணைப்பை இழந்த அயல்வீட்டிலும் ஒன்றைக் கட்டிக்கொடுத்தேன். அன்றிரவே அவர்கள் செய்தி பார்த்தனர். செய்தியாளனாக வாழ்ந்தவன் சொல்கிறேன்: பணமில்லாதவன் வீட்டுக்கும் செய்தி சென்றடைய வேண்டும். வானலை ஒளிபரப்பைப் பழம்பொருளென ஒதுக்குவோர் இதனைச் சிந்திப்பார்களா?