சித்திரக்கதையும் செந்தமிழ் வகுப்பும்

சித்திரக்கதை என்றதும் முகஞ்சுளிக்கும் தமிழாசிரியர் நம்மிடையே பலர். பாடநூலுக்குள் மறைத்துப் படித்த மாணாக்கன் கையிலிருந்து அதனைப் பறித்து மேசைக்குள் பூட்டியவருள் நாமும் ஒருவர். அச்செயலுக்காக இன்று நாணுகின்றோம். காரணத்தைக் கூறுவோம்.

1959ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள், ‘பிலோட்’ என்னும் பிரெஞ்சு வார இதழின் முதலாவது ஏட்டிலே அஸ்டெரிக்ஸ் என்னும் குறுவீரன் தோன்றினான். கதை புனைந்தவர் ரெனே கோசினி; படம் வரைந்தவர் ஆல்பேர் உடெர்சோ. உரோமப் பேரரசு கோல் நாட்டை விழுங்கிய பின்னும் அடங்க மறுத்த ஒரு சிற்றூரின் கதை அது. இன்று நூற்றுக்கு மேற்பட்ட மொழிகளிலும் கிளைமொழிகளிலும் அது பேசுகின்றது. பேச்சு வழக்கொழிந்த இலத்தீனிலும் 1973 முதல் வெளிவந்து, ஐரோப்பிய இலத்தீன் ஆசிரியர்க்கு வகுப்பறைத் துணையாயிற்று. அவர்கள் கூசவில்லை, நாம் ஏன் கூசவேண்டும்? தமிழுக்கும் இத்துறை புதிதன்று. சிவகாசியில் 1972இல் முத்து காமிக்ஸும் 1984இல் லயன் காமிக்ஸும் தோன்றின. கோசினி பல்லாண்டு கதையெழுதிய லக்கி லூக் அவ்வழியே தமிழ் பேசினான்.

சென்ற ஐப்பசியில், அஸ்டெரிக்ஸின் பிறந்தநாளை ஒட்டி, ஹட்டன் பகுதித் தோட்டப் பிள்ளைகள் சிலருடன் ஆங்கிலப் பிரதிகள் இரண்டை முன்வைத்து அமர்ந்தோம். அக்கதையில் கோல் நாட்டார் பெயர்கள் ‘இக்ஸ்’ என முடியும்; உரோமர் பெயர்கள் ‘உஸ்’ என முடியும். விகுதியே குலத்தைக் காட்டிவிடுகின்றது. நாய்க்குட்டிக்குப் பிரெஞ்சிலே ‘இதேபிக்ஸ்’ என்று பெயர். மனத்தை விட்டகலாத எண்ணம் என்பது அதன் உட்பொருள். ஆங்கிலத்தில் பெயர்த்த அந்தியா பெல்லும் டெரெக் ஹொக்ரிட்ஜும் அதனை ‘டொக்மட்டிக்ஸ்’ ஆக்கினர். நாயும் அதில் இருக்கின்றது, பிடிவாதமும் இருக்கின்றது. காளமேகத்தின் சிலேடையைப் பாடஞ்சொல்லும் நமக்கு இது அந்நியமா?

தமிழில் என்ன பெயரிடலாம் என்று வினவினோம். நாம் எண்ணி வைத்திருந்தது ‘நிலைக்கருத்தன்’. பிள்ளைகள் மரியாதையாக மௌனஞ்சாதித்தனர். ‘தோட்டப் பேச்சு’ என்று நம்மாலேயே பலமுறை திருத்தப்பட்டு, வாய்மூடிப் பின்வரிசையில் இருந்த ஒரு பையன், “விடாப்பிடிக்ஸ்” என்றான். கவ்வியதை விடாத நாயும் கொண்டதை விடாத குணமும் ஒரே சொல்லில் அடங்கின. பண்டிதம் தோற்றது, தமிழ் தோற்கவில்லை.

அடுத்து, படங்களிலுள்ள ஓசைகள். அவற்றுக்கு நிகர் தேட அகராதியை நாடியவர் எவருமிலர். லயத்துத் தகரக்கூரையில் மழை ‘சடசட’. சிங்கமலைச் சுரங்கத்தினுள் புகையிரதம் ‘தடதட’. கூடை கவிழ்ந்தால் கொழுந்து ‘பொலபொல’. தொல்காப்பியர் இரட்டைக்கிளவிக்கு விதி வகுத்தார். அவ்விதியை மனப்பாடஞ்செய்து பரீட்சையில் எழுதிய பிள்ளைகள், அது தம் வாயில் நாள்தோறும் வாழ்வதை அன்றுதான் கண்டனர்.

பின்னர், 1966இல் நூலாக வெளிவந்த ‘பிரித்தானியாவில் அஸ்டெரிக்ஸ்’ கதைக்கு வந்தோம். வெறும் வெந்நீரைப் பருகிவந்த பிரித்தானியருக்கு அஸ்டெரிக்ஸ் ஒரு மூலிகையை அறிமுகஞ்செய்கின்றான், அதுவே தேயிலை! வகுப்பு கொல்லென்று நகைத்தது. நகைப்பு அடங்கியதும் ஒரு சிறுமி கேட்டாள்: “ஐயா, அந்தக் கொழுந்த யாரு பறிச்சாங்க?”

வேடிக்கைக் கதையிடம் அவ்வினாவுக்கு விடை கேட்பது நியாயமன்று. ஆனால், 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதைக் கூறும் பாடங்களிலும் பறித்த கைகளுக்குப் பெயர் காணோம். தோட்ட மக்களின் பாடல்களைக் கற்றோர் பலர் பொருட்படுத்தாதிருந்த காலத்தில், சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) அவற்றைத் தேடித் தொகுத்தார். அவர் காதால் கேட்டுச் செய்த பணியை, இப்பிள்ளைகள் தம் கையாலேயே செய்யக்கூடாதா?

அச்சிறுமிக்கு நாம் அளித்த விடை ஒரு வெற்றுத்தாள். கட்டங்களை வரைந்து நீயே எழுது என்றோம். இரு வாரங்களில் கொண்டுவந்தாள். முதற்கட்டத்தில் அவளுடைய அம்மாயி கூடையோடு மலையேறுகின்றாள். காலடியில் விடாப்பிடிக்ஸ் ஓடுகின்றது. அம்மாயியின் பேச்சில் ஓரெழுத்தையும் நாம் திருத்தவில்லை.

பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் பயிலும் இளம் ஆசிரியர்களே, மலையக ஆசிரியப் பெருமக்களே! அக்டோபர் 29ஆம் நாள் ஒரு பாடவேளையை இதற்கென ஒதுக்குங்கள். இலக்கணத்தைக் கைவிடச் சொல்கின்றோமில்லை. விகுதியும் சிலேடையும் இரட்டைக்கிளவியும் பிள்ளையின் வாயிலிருந்தே புறப்படட்டும் என்கின்றோம். வாய்மூடிய பிள்ளைக்கு எந்த இலக்கணமும் பயன்படாது.