மறுப்புக் கடிதம் தீர்ப்பு அல்ல

நோயுற்ற காலத்தில் உதவுவோம் என உறுதி கூறி ஆண்டுதோறும் கட்டுப்பணம் பெற்றுக்கொண்டு, நோய் வந்தபின் கையை விரிப்பது வாக்குத் தவறுதலாகும். தனி மனிதன் ஒருவன் இவ்வாறு நடந்தால் ஊர் அவனை நாணயமற்றவன் என்று ஒதுக்கிவைக்கும். பெருங் கம்பனியொன்று அதனையே செய்யும்போதோ, எல்லாம் நிபந்தனைகளின் பிரகாரம் நடந்ததென எண்ணி மக்கள் தலைகுனிந்து திரும்பிவிடுகிறார்கள். இந்த மனப்பான்மை ஒழியவேண்டும் என்பதை வற்புறுத்தவே இன்று எழுதுகிறோம்.

நாலு நாட் காய்ச்சலாயின் கடன்பட்டாவது சமாளித்துவிடலாம். நீரிழிவும் சிறுநீரக நோயும் மூட்டுவாதமும் குடலழற்சியும் அத்தகையன அல்ல. அவை மனிதனோடு கூடவே வாழ்வன. மருந்து ஒரு மாதம் தடைப்படினும் பல ஆண்டுச் சிகிச்சையின் பயன் கெட்டுவிடக்கூடும். நோயாளிக்கு அது உயிர்ப் பிரச்சினை; கம்பனியின் கணக்கேட்டிலோ அது முடிவில்லாத செலவினம். இவ்விரண்டும் மோதும் இடத்திலேதான் மறுப்புக் கடிதம் பிறக்கிறது.

செல்வத்திற் சிறந்த அமெரிக்க ஐக்கிய நாடுகளைப் பாருங்கள். அங்கே பெரும்பாலோரின் சிகிச்சைச் செலவு தனியார் கம்பனிகளின் கையில் இருக்கிறது. மருத்துவர் மருந்து எழுதினாற் போதாது. பல மருந்துகளுக்குக் கம்பனியின் முன் அனுமதி வேண்டும். மலிவான மருந்தை முதலில் உட்கொண்டு, அது பலிக்கவில்லை என்று காட்டிய பின்னரே உரிய மருந்து கிடைக்கும் என்ற விதியும் உண்டு. நோயாளியை ஒருநாளும் கண்டிராத ஒருவர் "மருத்துவ ரீதியில் அவசியமன்று" என்று எழுதிவிடுகிறார். சிக்னா என்னும் கம்பனியின் மருத்துவர்கள் 2022இல் இரண்டே மாதங்களில் 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட கோரிக்கைகளை மறுத்தனர் என்றும், ஒவ்வொன்றுக்கும் செலவிட்ட நேரம் சராசரியாக 1.2 வினாடி என்றும் புரோப்பப்ளிக்கா என்ற செய்தி நிறுவனம் 2023 மார்ச்சில் வெளிப்படுத்தியது. அச்செய்தி தன் முறையைத் திரித்துக் காட்டுகிறது எனக் கம்பனி மறுத்தது. ஆயினும் கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு மனிதனின் நோயை ஆராய்ந்து முடிக்க எந்த மருத்துவராலும் இயலுமா?

இத்தகைய அநீதிக்கு எதிராக அந்நாட்டு மக்கள் போராடிச் சில உரிமைகளைப் பெற்றிருக்கிறார்கள். 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மறுப்புக்கான காரணத்தைக் கம்பனி எழுத்தில் அறிவிக்கவேண்டும். நோயாளி 180 நாட்களுள் கம்பனியிடமே மேன்முறையீடு செய்யலாம். அதுவும் பயன்படாவிடின், கம்பனிக்குக் கட்டுப்படாத வெளி ஆய்வாளரிடம் செல்லலாம்; அவருடைய முடிவு கம்பனியைக் கட்டுப்படுத்தும். முன்பே நோய் இருந்தது என்ற காரணத்தால் ஒருவரை ஒதுக்குவதும் 2014 முதல் தடுக்கப்பட்டது.

ஆயினும் உரிமை ஏட்டில் இருந்தால் மட்டும் போதுமா? முதியோர்க்கான மெடிக்கெயர் திட்டத்தில் தனியார் கம்பனிகள் நடத்தும் பிரிவின் கணக்கைப் பார்ப்போம். 2022இல் அங்கு முழுதாகவோ பகுதியாகவோ மறுக்கப்பட்ட முன் அனுமதிக் கோரிக்கைகள் ஏறத்தாழ 34 இலட்சம். அவற்றுள் மேன்முறையீடு செய்யப்பட்டவை நூற்றுக்குப் பத்து மட்டுமே. அந்தப் பத்தில் எட்டுக்கு மேற்பட்டவை முழுதாகவோ பகுதியாகவோ வென்றன! எஞ்சிய தொண்ணூறும் வென்றிருக்கும் என்று நாம் கூறவில்லை. ஆனால், எதிர்த்துக் கேட்டவர்களிற் பெரும்பாலோர் பெற்றனர், கேளாதவர்களோ இழந்தனர். மக்களின் மௌனமே கம்பனியின் இலாபமாக மாறுகிறது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமா?

இஃது அமெரிக்காவின் கதை, நமக்கென்ன என்று எவரும் இருந்துவிட வேண்டாம். 1951 முதல் இந்நாட்டு அரசாங்க ஆஸ்பத்திரிகளிற் சிகிச்சை இலவசம். அது நமது பெருஞ் செல்வம்; அதனை எவ்வகையிலும் காக்கவேண்டும். ஆனால் 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் மருந்தின்றி எத்தனை பேர் தனியார் கடைகளை நாடினர் என்பதை மறந்துவிட முடியாது. அவ்வச்சத்தினாலும் பலர் மருத்துவக் காப்புறுதியை நாடுகின்றனர். இங்கே கம்பனிகள் கையாளும் முக்கிய ஆயுதம் "முன்பிருந்த நோயை மறைத்தீர்" என்பதாகும். ஆகவே விண்ணப்பம் நிரப்பும்போது நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் ஒளிக்காது எழுதுங்கள். முகவர் "அதெல்லாம் வேண்டாம்" என்று சொன்னாலும் கேளாதீர்கள். ஒப்பம் உங்களுடையது, முகவருடையதன்று. விளங்காத பாஷையில் அச்சிட்ட பத்திரத்தில் ஒப்பமிடாமல், தமிழில் விளக்கம் கேட்டு வாங்குங்கள்.

மறுப்பு வந்துவிட்டால் செய்யவேண்டியவை சில. எந்த நிபந்தனையின் பிரகாரம் மறுக்கப்பட்டது என்பதை எழுத்திற் கேளுங்கள். அந்த வாசகத்தைப் பத்திரத்தோடு ஒப்பிடுங்கள். சிகிச்சை ஏன் அவசியம், நோய் எப்போது கண்டறியப்பட்டது என்பவற்றைக் காட்டும் மருத்துவரின் கடிதத்தை இணைத்துக் கம்பனிக்கு மேன்முறையீடு அனுப்புங்கள். ஒவ்வொரு கடிதத்தின் பிரதியையும் திகதியுடன் வைத்திருங்கள். பதில் திருப்தி தராவிடின் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் முறையிடலாம், அதற்குக் கட்டணமில்லை. 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவும் இருக்கிறது. காப்புறுதிதாரரின் நலனைக் காப்பதே அதன் கடமை.

கற்றோருக்கும் இதிற் பங்குண்டு. மருத்துவர் எழுதும் தெளிவான கடிதமொன்று வழக்கையே மாற்றிவிடும். சட்டம் அறிந்தவர் ஊரிலுள்ள விவசாயிக்கு அரைமணி நேரம் ஒதுக்கி அவனது பத்திரத்தை வாசித்துச் சொல்லட்டும். ஆசிரியர் அவனது முறையீட்டை எழுதிக் கொடுக்கட்டும். வயலில் வேலை செய்பவன் கட்டிய பணமும் உத்தியோகத்தர் கட்டிய பணமும் ஒரே பெறுமதியுடையவை. அவற்றால் விளையும் உரிமையும் ஒன்றே.

கம்பனியின் கடிதம் ஒரு தரப்பின் வாதமேயன்றி நீதிமன்றத்தின் தீர்ப்பன்று. நாம் இரப்பது பிச்சையுமன்று. பணங் கொடுத்துப் பெற்ற உரிமை. அதனைக் கேட்கத் தயங்குபவன் தன் பங்கை மட்டும் இழக்கவில்லை. தனக்குப் பின் வரும் நோயாளியின் வழியையும் அடைக்கிறான். கேளுங்கள், எழுத்திற் கேளுங்கள், மறுத்தால் மீண்டும் கேளுங்கள்!