பாண்டி பஜாரும் நம் வண்டிகளும்

"வாசல்லே கார் நிக்க இடமில்லேன்னா எவங்க வருவாங்கம்மா?" என்று கேட்கிறார், எனக்கு இத்தனை வருஷமாக ரவிக்கை லைனிங் துணி வெட்டித் தரும் பாண்டி பஜார் கடைக்காரர். சின்னக் கடை, பெரிய வாடகை. அவர் கவலையைச் சிரித்து ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

சென்னை தியாகராய நகரில் பனகல் பூங்காவிலிருந்து தணிகாசலம் சாலை சந்திப்பு வரை பாண்டி பஜாரை நடப்பவர்களுக்கான வளாகமாக மாற்றி, 2019 நவம்பரில் திறந்தார்கள். சாலையோரம் வரிசையாக நின்ற கார்களுக்கு இடமில்லாமல் போயிற்று, நடைபாதை அகலமாயிற்று. அப்போதே வியாபாரிகள் பலர் முணுமுணுத்தார்கள். 200-க்கு மேற்பட்ட கார்களும், 500-க்கு மேற்பட்ட ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள்களும் நிற்கக்கூடிய அடுக்குமாடி வண்டி நிறுத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது. பந்தியில் இலையைப் போட்டுவிட்டு அப்புறம் அடுப்பு மூட்டினால் விருந்தாளிக்குக் கோபம் வராதா, சொல்லுங்கள்!

ஆனால் சகோதரிகளே, நாம் பழசையும் மறந்துவிடக் கூடாது. இடுப்பில் ஒன்று, கையைப் பிடித்தபடி ஒன்று என்று பிள்ளைகளோடு அந்தத் தெருவில் நடந்திருக்கிறீர்களா? நிற்கிற காரைச் சுற்றி நடுச்சாலைக்கு இறங்க வேண்டும். பின்னாலிருந்து பஸ் ஹாரன் அடிக்கும். தள்ளுவண்டிக் குழந்தையின் மூக்கு, கார் புகைக்குழாயின் உயரத்தில்தான் இருக்கிறது. நமக்குத் தலைக்கு மேல் போகிற புகை அதற்கு நேரே முகத்தில். இப்போது என் மாமியார் முழங்கால் வலியோடு நாலு கடை ஏறி, நடுவே உட்கார்ந்து மூச்சு வாங்கி, மறுபடி நடக்கிறார். கார் வரிசை இருந்த நாளில் அவர் காரை விட்டே இறங்க மாட்டார்.

கடைக்காரரிடம் ஒரு கணக்குச் சொன்னேன். பிரிட்டனில் பிரிஸ்டல் நகரக் கடைவீதியில் 2006-ல் கேட்டுப் பார்த்தார்கள். தங்களிடம் வருகிறவர்களில் நூற்றுக்கு 41 பேர் காரில் வருவதாகக் கடைக்காரர்கள் நினைத்திருந்தார்கள். வாங்க வந்தவர்களையே கேட்டபோது 22 பேர்தான் காரில் வந்தவர்கள்! "அது சீமைக் கணக்கும்மா" என்றார் அவர். சரி, நம் கணக்கையே பார்ப்போம். அவரிடம் லைனிங் வாங்குகிற நம்மில் எத்தனை பேர் காரில் போகிறோம்? மின்சார ரயிலில் மாம்பலத்தில் இறங்கினால், 2023-ல் திறந்த ஆகாய நடைபாலம் தி.நகர் பஸ் நிலையம் வரை கொண்டுவந்து விடுகிறது. கல்யாணப் புடவை எடுக்க, குடும்பமே திரண்டு காரில் வருகிறவர்கள் பெரிய கடைகளுக்கல்லவா போகிறார்கள்?

எனக்கு நிஜமான வருத்தம் வேறு இடத்தில். பஜாரில் நிறுத்தக் கூடாது என்றதும், கட்டணம் கொடுக்க மனமில்லாதவர்கள் காரைப் பக்கத்துச் சந்துகளில் சொருகிவிட்டுப் போகிறார்கள். எங்கள் சந்தில் ஒரு சாயங்காலம், அடுத்த வீட்டு மருமகளுக்கு இடுப்பு வலி எடுத்துவிட்டது. தலைப்பிரசவம். இரண்டு பக்கமும் கார்கள். ஆட்டோ உள்ளே நுழைய முடியவில்லை. அவள் மாமியாரும் நானுமாகக் கைத்தாங்கலாகத் தெருமுனை வரை நடத்திக் கொண்டு போனோம். நடுவே இரண்டு தடவை நின்று, என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள் அந்தப் பெண். தாயும் சேயும் நலம், அது தெய்வாதீனம். பஜாரில் மட்டும் தடை போட்டுவிட்டுச் சந்துகளைக் கவனிக்காமல் விட்டால், கடைத்தெருவின் கஷ்டம் நம் வாசற்படிக்கு வந்துவிடுகிறது என்று அன்று தெரிந்தது.

அதனால் எதிர்க்கிறவர்களோடு சேர்ந்து "பழையபடி நிறுத்த விடு" என்று நான் சொல்லப் போவதில்லை. சந்துகளில் ஒரு பக்கமாவது வண்டி நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வயதானவர்களையும் கர்ப்பிணிகளையும் கடைக்கருகே இறக்கிவிட்டு ஆட்டோ உடனே நகர்ந்துவிட ஓர் இடம் வேண்டும். கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க மறைவான ஓர் அறையும், கூசாமல் நுழையக்கூடிய கழிப்பறையும் வேண்டும். மணிக்கணக்கில் கடை ஏறி இறங்குகிறவர்கள் நாம்தானே!

இதையெல்லாம் மனுவாக எழுதி வீடு வீடாகக் கையெழுத்து வாங்குகிறேன். லைனிங் கடைக்காரர்கூட, இறக்கிவிடும் இடம் என்றதும் பேனாவை வாங்கிக்கொண்டார். எங்கள் சந்தில் பாக்கி ஒரே வீடு, மாடி வீட்டு மாமாவுடையது. அவருக்கு இரண்டு கார், ஒன்றுக்குத்தான் ஷெட்!